புகழை மேலே அனுப்பிவிடுகிறவள்

அவளுக்கு மீன் குழம்பு நன்றாக வரும். அதை அவளிடம் சொல்லக் கூடாது. சொன்னால் கையிலிருக்கும் கரண்டியோடு நிமிர்ந்து, கூரையைப் பார்த்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பாள். குழம்பை ருசி பார்த்தது நான். காரம் ஏறி மூக்கில் நீர் வழிவதும் எனக்கு. நல்லாயிருக்கு என்று வாய் திறந்து சொன்னதும் நான். அப்புறம் அந்தப் பேச்சில் எனக்கும் இடமில்லை, அவளுக்கும் இடமில்லை. நான் சொன்ன வார்த்தை கூரையைத் தாண்டிப் போய்விடும். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் குடியாத்தத்திலிருந்து உடனே போன் வரும். "எதுக்குக்கா என் பேரு? பேரைப் போட்டா புகழ்ச்சி அங்கேயே ஒட்டிக்கும், மேலே ஏறாது" என்பாள். பெங்களூரில் எங்கள் ஜீவனஹள்ளிச் சந்தில் அவளுக்குப் பெயர் தேவைப்பட்டதும் இல்லை. ஸ்தோத்திர அக்கா என்றால் பால்காரனுக்குத் தெரியும், கன்னடக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும், மூலையிலிருக்கும் பேக்கரி பாய்க்கும் தெரியும்.

ஆள் நெட்டை. கழுத்தும் நீளம். நடக்கும்போதே ஜெபம் பண்ணிக்கொண்டு போவாள், அதனால் எதிரில் வருகிற எதுவும் கண்ணில் படாது. ஆட்டோக்காரன்தான் பிரேக் போட வேண்டும். சாவதற்கு வேறு இடம் கிடைக்கவில்லையா என்று அவன் கன்னடத்தில் கத்துவான். "ஸ்தோத்திரம்ப்பா, ஆண்டவர் உனக்கு நல்ல பிரேக் குடுத்திருக்காரு" என்று இவள் தமிழில் ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போவாள். அவனுக்குத் திட்டவும் தோன்றாது, சிரிக்கவும் தோன்றாது. வண்டியைக் கிளப்ப மறந்து நின்றுகொண்டிருப்பான்.

பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். இவள் கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தாள். புருஷன் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார், ஒரே மகள். பீன்யாவில் ஸ்பிரிங் செய்கிற ஒரு கம்பெனியில், தயாரான ஸ்பிரிங்கைப் பார்த்துச் சரி, தப்பு சொல்லி அனுப்புகிற வேலை. என் வீட்டுக்கு எதிர் வீட்டில் வாடகைக்கு வந்தாள்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டு மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள் நான். மேல் மாடியும் நான் எழுப்பியதுதான். காக்ஸ் டவுனிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து என் இட்லி சாப்பிட்டுப் போனவர்கள் உண்டு. சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லாமல் எழுந்து போகிறவனுக்கு மறுநாள் இரண்டாவது கரண்டி சாம்பார் கிடையாது. அது என் கடைச் சட்டம்.

அவள் குடி வந்த மறுநாள் காலையில் கடைக்கு வந்தாள். ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். "ஸ்தோத்திரம்! ஆண்டவர் எவ்ளோ மெத்துனு பண்ணியிருக்காரு!"

எனக்குச் சுருக்கென்றது. "இந்தாம்மா, மாவு ஆட்டினது நானு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஊத்தினதும் நானு."

"அந்தக் கையை அவர்தானேக்கா குடுத்தாரு" என்று சிரித்தாள்.

சட்டப்படி பார்த்தால் மறுநாள் அவளுக்குச் சாம்பார் இல்லை. ஆனால் அவள் திட்டவில்லை, குறை சொல்லவில்லை, புகழத்தான் புகழ்ந்தாள். விலாசம் மட்டும்தான் மாறிப் போயிற்று. இதற்கு என் சட்டத்தில் வழி இல்லை. அரைக் கரண்டி ஊற்றினேன். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம்.

பழகிய பிறகு ஒரு நாள் நேரடியாகவே கேட்டேன். "ஏண்டி, யாராவது நாலு நல்ல வார்த்தை சொன்னா வாங்கி வெச்சிக்கினா இன்னா? காசா பணமா?"

"நான் போஸ்ட்மேன் மாதிரிக்கா. கவர் என் கைக்குத்தான் வருது. ஆனா அட்ரஸ் எனக்கு இல்ல. அடுத்தவங்க கவரைப் பிரிச்சா வேலை போயிடும்."

"திட்டு வந்தா?"

"அது எனக்கே வர்ற கவரு."

இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கம்பெனியில் ஒரு சங்கதி நடந்தது. அனுப்பிய ஸ்பிரிங் ஒரு லோடு மொத்தமாகத் திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்த்து அனுப்பியவர்கள் நாலு பேர். மற்ற மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. இவள் நேரே சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, "நான் பார்த்து அனுப்பினதுதான் சார், என் கண்ணு தவறிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வருஷம் நாலு பேரில் இவளுக்கு மட்டும் சம்பளம் ஏறவில்லை. இதே கம்பெனி முந்தின வருஷம் இவளை மேடையில் ஏற்றிச் சால்வை போட்டபோது, மைக்கைப் பிடித்து, இது ஆண்டவர் செய்த வேலை என்று சொல்லிவிட்டு இறங்கியவள் இவள்.

அவளைப் பிடித்துக் கேட்டேன். "லாபம் வந்தா அவருக்கு, நஷ்டம் வந்தா உனக்கா? இன்னாடி கூட்டு வியாபாரம் இது?"

"பெரிய நஷ்டத்தையெல்லாம் அவரு சிலுவையிலேயே ஏத்துக்கினாருக்கா. என் கிட்ட இருக்கிறது சில்லறைதான்."

பதில் வராதபோது நான் எதையாவது தாளிப்பது வழக்கம். அன்றைக்குச் சட்னியை இரண்டு தடவை தாளித்துவிட்டேன்.

கிறிஸ்மஸ் கேக் விஷயத்தைச் சொல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. எங்கள் பக்கத்தில் கேக்குக்கு மாவை வீட்டில் கலக்கி, தகர டின்னில் ஊற்றி, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். அடுப்பு பாயுடையது, மாவு நம்முடையது. பண்டிகை வாரத்தில் பேக்கரி வாசலில் டின்னும் கையுமாகப் பெண்கள் வரிசை நிற்கும். எல்லா டின்னும் ஒரே மாதிரி இருப்பதால் மாவின் மேல் ஆளுக்கு ஓர் அடையாளம் வைப்போம். எழுத்து தெரிந்தவர்கள் பேப்பரில் பெயர் எழுதி ஒட்டுவார்கள். நான் ஐந்து முந்திரியைச் சிலுவை மாதிரி பதித்துவிடுவேன். இவள் மட்டும் ஒன்றும் வைக்க மாட்டாள்.

"பேர் போடு மா" என்று பாய் கெஞ்சுவார். "ஜாஸ்தி ரஷ் இருக்குது. மாறிப் போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

"அவருக்குத் தெரியும் பாய், எது என்னுதுன்னு."

"அவருக்குத் தெரியும் மா, எனக்குத் தெரியாதே!"

ஒரு வருஷம் என் மாவு கொஞ்சம் இளகிப் போயிருந்தது. பதித்த முந்திரி ஐந்தும் அடுப்புச் சூட்டில் உள்ளே முழுகிவிட்டன. வெளியே வந்தபோது அடையாளம் இல்லாத டின் இரண்டாகிவிட்டது. இவள் வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாள். மிச்சத்தை நான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அறுத்தால் கத்தி இறங்க மாட்டேன் என்கிறது. மருமகன் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "அத்தை, இந்த வருஷம் ரம் ஊத்த மறந்துட்டீங்களா?" என்றார். நான் பழங்களை ரம்மில் ஊறப்போடுகிறவள். அது எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம். எதிர் வீட்டுக்காரி திராட்சை ஜூஸில் ஊறப்போடுகிறவள். அவளுக்கு மீன் குழம்பு வருமே தவிர கேக் வராது. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

மறுநாள் போதகர் வீட்டிலிருந்து பாஸ்டரம்மா வந்தார். "இந்த வருஷம் ஸ்தோத்திர அக்கா கேக் சாப்பிட்டீங்களா? ஐயா இதுவரைக்கும் இப்படி ஒரு கேக் சாப்பிட்டதில்லைன்னு சொல்லிட்டாரு. ரெண்டாவது துண்டும் கேட்டு வாங்கிக்கினாரு. நல்லாயிருக்குன்னு அவ கிட்ட சொன்னா, எல்லாம் ஆண்டவருக்கே மகிமைன்னு சொல்லிட்டா. பாருங்க, எவ்ளோ தாழ்மை!" என்று ஒரு துண்டை என் கையில் கொடுத்தார்.

வாயில் போட்டேன். என் கேக். காய்ந்த ஆரஞ்சுத் தோலை இடித்துப் போடுவது எங்கள் சந்தில் நான் ஒருத்திதான்.

எதிர் வீட்டுக்கு எப்படி நடந்து போனேன் என்று எனக்கே தெரியாது. "நீ குடுத்தது என் கேக்குடி!"

அவள் விழித்தாள். பிறகு புரிந்தது. புரிந்ததும் சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கவலைப்படாதீங்கக்கா. உங்க கேக்குக்கு வந்த மகிமையை ஒழுங்கா மேலே சேர்த்துட்டேன்."

"நடுவுல என் வீடு ஒண்ணு இருக்குதுடி! அங்க ஸ்வல்ப நேரம் நிறுத்திட்டுப் போயிருந்தா இன்னா?"

அப்புறம்தான் நான் ரம்மைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "ரம்மா? போதகருக்கா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே போதகர் வீட்டுக்குப் போய், அது அக்காவுடைய கேக், பேர் போடாமல் விட்டது என் தப்பு, அதில் இன்னது கலந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். போதகர் நல்ல மனுஷர். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவாயில்லம்மா. அடுத்த வருஷமும் பேர் போட வேணாம்" என்றாராம்.

இப்படி எத்தனையோ சொல்லலாம். ஆனால் ஒரு தடவை நான் அவளைக் கொஞ்சம் கடுமையாகவே குத்திவிட்டேன். ஏதோ எரிச்சலில், "புகழ்ச்சி வேணாம் வேணாம்னு சொல்றியே, அதுவும் ஒரு பெருமைதான்டி. வாங்கி வெச்சிக்கினு சும்மா இருக்கிறதுதான் தாழ்மை" என்றேன். எனக்கு இவ்வளவு பெரிய பேச்சு வரும் என்று நானே நினைக்கவில்லை. அவள் முகம் வாடிப்போயிற்று. கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க யோசித்திருக்கிறாள் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொண்டுவந்தாள். நான் வழக்கம்போல், "நல்லாயிருக்குடி" என்றேன். கூரையைப் பார்க்கப் போன கழுத்தைப் பாதியில் பிடித்து நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். விளக்கெண்ணெய் குடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

என்னால் நம்ப முடியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன். சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். அவள்தான். "அக்கா, காலையில சொன்னீங்களே, குழம்பு நல்லாயிருக்குன்னு. அது என் கிட்ட இருக்குது. ஒரு மாதிரி இருக்குது. சாப்பாடு இறங்கல. நீங்களே திரும்ப எடுத்துக்கோங்க."

"சொன்ன வார்த்தையை எப்படிடி திரும்ப எடுக்கிறது?"

"அப்போ மேலே அனுப்பிடறேன்" என்று அங்கேயே வாசலில் நின்று அனுப்பிவிட்டாள். முகம் தெளிந்துவிட்டது. டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அதோடு நானும் விட்டுவிட்டேன். இது இப்படித்தான் என்று ஒரு சிரிப்போடு போயிருக்கும், நான் வாசல் கழுவும்போது வழுக்கி விழாமல் இருந்திருந்தால்.

இடுப்பு எலும்பு விட்டுப் போயிற்று. ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று டாக்டர் கட்டிலருகில் வந்து நின்றார். கன்னடக்காரர், சிறு வயது. இவள் அவரைப் பார்த்து, "ஸ்தோத்திரம் டாக்டர், ஆண்டவர் எவ்ளோ நல்லா ஆபரேஷன் பண்ணியிருக்காரு" என்றாள். அவருக்கும் தமிழ் தெரியும். "அப்படியாம்மா? அப்போ நான் அங்க நின்னுக்கினு என்ன பண்ணேன்?" என்று கேட்டார். "நீங்க அவரு பக்கத்துல நின்னீங்க டாக்டர். எவ்ளோ பாக்கியம்!" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டில் மகன் ஷிப்டு வேலைக்குப் போகிறவன். மருமகளுக்கு ஆபீஸ். இவளுக்கு அப்போது கம்பெனி வேலை முடிந்து வீட்டோடு இருந்த காலம். காலையில் அவர்கள் கிளம்பியதும் எதிர் வீட்டுக் கதவு திறக்கும். வெந்நீர் வைத்து உடம்பைத் துடைப்பாள், தலையை வாரிப் பின்னுவாள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வெளிக்குப் போகவும் படுக்கையிலேயே பேசின் வைக்க வேண்டியிருந்தது. யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிப் பழகாதவள் நான். முதல் நாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அவள் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. பேசினை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, வெளியே தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி ஒரு கீர்த்தனையை எடுத்தாள். சத்தமான சத்தம். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் யாருக்கும் கேட்காது. பாட்டு முடிந்தபோது என் வேலையும் முடிந்திருந்தது. மறுநாளிலிருந்து பேசினைக் கையில் எடுக்கும்போதே, "இன்னைக்கு எத்தனை சரணம் வேணும்க்கா?" என்று கேட்பாள். நான், "ரெண்டு போதும்" என்பேன். வயிறு சரியில்லாத நாளில், "முழுப் பாட்டும் பாடுடி" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பில்தான் நான் பிழைத்தேன். மாத்திரையால் என்று டாக்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வாக்கரைப் பிடித்து முதல் தடவை வாசல் வரை நடந்தேன். வெயில் முகத்தில் பட்டது. பக்கத்தில் அவள், நான் விழுந்தால் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு. அந்தக் கை மணிக்கட்டைப் பிடித்தேன். "நீ இல்லன்னா நான் இல்லடி" என்றேன். என் வாழ்நாளில் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கக்கா. ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அவள் கழுத்தை நிமிர்த்தினாள்.

கையை விட்டுவிட்டேன். மற்றச் சமயம் என்றால் எரிச்சல் வரும். அன்றைக்கு வலித்தது. ஒரு வாய் இட்லியைப் புகழ்வது வேறு. இது என் அடிவயிற்றிலிருந்து வந்தது, அவளுக்கென்று வந்தது. அவள் ஒரு நொடிகூட அதைக் கையில் வைத்துப் பார்க்கவில்லை. எப்படியாவது இதை அவளை வாங்கிக்கொள்ள வைக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். இல்லாவிட்டால் எனக்குச் சாவு நிம்மதியாக வராது.

மருமகளை அனுப்பி மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப் புடவை எடுத்துவரச் சொன்னேன். கொடுத்தேன். வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள், மேலே பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சரி, கட்டிக்கொள்வாள், பார்க்கலாம் என்றிருந்தேன். எங்கள் சர்ச்சில் கூட்டிப் பெருக்குகிறவர் மகள் கல்யாணத்துக்குப் போனால், மணப்பெண் சாயங்காலம் அந்தப் புடவையில் நிற்கிறாள். இவள் என் காதருகில் வந்து, "அவ நிறத்துக்கு எப்படி எடுப்பா இருக்குது பார்த்தீங்களாக்கா! ஆண்டவர் அவளுக்குன்னே எடுத்து வெச்சிருக்காரு" என்றாள்.

"நான் உனக்குன்னு எடுத்து வெச்சதுடி."

"உங்க மூலமாத்தான்க்கா!"

கல்யாணச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

அதற்குள் அவள் மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. மகள் குடியாத்தத்தில் டீச்சர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா அங்கேயே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வாடகை வீட்டைக் காலி பண்ணினார்கள். சனிக்கிழமை காலையில் சாமான் ஏற்ற வண்டி வருகிறது. வெள்ளிக்கிழமை எங்கள் வட்டாரத்து வீட்டு ஜெபக்கூட்டம். முறைப்படி அந்த வாரம் என் வீட்டில். அதுதான் அவளுக்குக் கடைசிக் கூட்டம், எனக்கும் கடைசித் தருணம். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு குடியாத்தம் வரை பஸ்ஸில் போய் நன்றி சொல்ல என்னால் ஆகாது. போய்ச் சொன்னாலும் அங்கேயும் ஒரு கூரை இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. அவளிடம் சொன்னால்தானே அவள் மேலே அனுப்புகிறாள்? நானே நேராக மேலே சொல்லிவிட்டால்?

எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. பாட்டும் வசனமும் முடிந்த பிறகு எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக, இன்ன காரியத்துக்காக ஸ்தோத்திரம் என்று ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதும் மற்ற எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். நடுவில் யாரும் பேசக் கூடாது. இந்தச் சட்டத்தில் இவள்தான் ரொம்பக் கண்டிப்பு. யாராவது குசுகுசுவென்றால் தொண்டையைக் கனைப்பாள். நான் என் முறை வந்தால், "ஜீவன், சுகம், பெலன் தந்ததுக்காக ஸ்தோத்திரம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறவள். அதற்கு மேல் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

அன்றைக்கு எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். இடுப்பு காரணமாக எனக்கு நாற்காலி. என் காலடியில் அவள். பாஸ்டரம்மா தொடங்கிவைத்தார். மகனுக்கு வேலை கிடைத்ததற்காக ஒருவர், மழைக்கு வீடு ஒழுகாததற்காக ஒருவர். என் முறை வந்தது.

"ஆண்டவரே, எதிர் வீட்ல ஒருத்தியைக் கொண்டாந்து குடி வெச்சீரே, அதுக்காக ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றார்கள். காலடியில் சத்தமில்லை.

"நான் இடுப்பு உடைஞ்சு கிடந்தப்போ, என் மானம் போகாம என்னைப் பார்த்துக்கினாளே, அந்த மாதிரி ஒரு மனசை அவளுக்குக் குடுத்தீரே, அதுக்காக ஸ்தோத்திரம்."

"ஆமென்."

"அக்கா..." என்று கீழேயிருந்து ஒரு குரல். "இன்னாக்கா இது..."

"ஜெபத்துல பேசக் கூடாதுடி" என்றேன், கண்ணைத் திறக்காமல். யாரோ மூக்கால் சிரித்தார்கள். பாஸ்டரம்மா இருமினார்.

"ஆண்டவரே, இவ தப்பு பண்ணாததையும் தன் தப்புன்னு சொல்லுவா. நல்லது பண்ணதையும் தான் பண்ணலன்னு சொல்லுவா. ரெண்டும் பொய்யின்னு உமக்குத் தெரியும். இப்படிப்பட்ட பொய்க்காரியை எனக்குக் குடுத்ததுக்காக ஸ்தோத்திரம்."

இப்போது சிரிப்பை யாரும் மறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஆமென் சொன்னார்கள். காலடியில் மட்டும் இன்னும் ஒன்றும் வரவில்லை. என் புடவை ஓரத்தை யாரோ கசக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

"ஆண்டவரே, உமக்கு நன்றி சொல்றேன், ஒரு ஆமென் கம்மியா வருது. அதையும் நீரே கேட்டு வாங்கிக்கொள்ளும்."

நான் என்ன சொல்லிவிட்டேன் என்று அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. என்னிடம் வேண்டாம் என்று சொல்லலாம். இது ஆண்டவருக்குப் போகிற நன்றி. அதற்கு ஆமென் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது.

"ஆமென்" என்றாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி கீர்த்தனை பாடுகிறவள். அன்றைக்கு அவள் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

அடுத்தது அவள் முறை. அவள் முறை வந்தால் சுண்டல் ஆறிப்போகும் என்று எல்லாருக்கும் தெரியும், அவ்வளவு இருக்கும் அவளிடம். அன்று ஒன்றும் வரவில்லை. பாஸ்டரம்மா, "அடுத்தவங்க சொல்லலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல, சொல்றேன்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆண்டவரே, நேரா குடுத்தா நான் வாங்கிக்க மாட்டேன்னு, உம்ம கிட்ட குடுத்து, உம்ம கையால என்னை வாங்க வெச்சிட்டாங்க. வாங்கிக்கினேன். இந்தப் பெருமைக்கார அக்காவுக்காக, அவங்க பெருமைக்காகவும் சேர்த்து, உமக்கு ஸ்தோத்திரம்."

சபை நடுவில், என் வீட்டில், என் சுண்டலை வைத்துக்கொண்டு, என்னைப் பெருமைக்காரி என்கிறாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றே அந்த வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தியிருப்பேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அதில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது நான்தான்.